பெட்டிகளிடம் விசாரித்த மேடம்

என் வீட்டு ஜன்னல் திரையை ஒரு மஞ்சள் வயரால் கட்டி வைத்திருக்கிறேன். வயர் என்று சொல்கிறேனே தவிர அதில் கரண்ட் ஓடாது, உள்ளே கம்பியும் கிடையாது. சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனாக இரண்டு இழைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். முனையில் இழைக்கு ஒன்றாக நீல நிறத் தலைகள். அதில் ஒரு தலையின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, நடுவில் குங்குமம் கறுத்துப்போயிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சாமி கயிறோ என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்லுவதில்லை. விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு பேர் முன்னால் நீளமாகப் பேச எனக்கு என்றைக்குமே வந்ததில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கேபிள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கி டீ போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. சினிமா காட்டும் கேபிள் அல்ல. ஒரு ஊர் பேக்டரியின் கம்ப்யூட்டர் இன்னொரு ஊர் ஆபீசோடு பேசவேண்டும் என்றால், ரோட்டோரம் மண்ணுக்கு அடியில் கண்ணாடி இழை புதைத்து இணைத்து வைப்பார்கள்; சேதி அதற்குள் வெளிச்சமாக ஓடும். ஊருக்கு ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு பெட்டி; மண்ணிலிருந்து வரும் இழையைப் பெட்டியின் ஓட்டையோடு சேர்ப்பது என் ஜன்னலில் இருக்கிற மாதிரி மஞ்சள் வயர். எந்தச் சேதி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அந்தப் பெட்டிதான் திருப்பிவிடும். ஆபீசில் அதை ரூட்டர் என்பார்கள். நான் பெட்டி என்பேன். பிறகு மேடமும் பெட்டி என்றே சொல்ல ஆரம்பித்தார்.

எல்லாப் பெட்டிகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் அறைக்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெயர். வெளியே வெயில் எரிந்தாலும் உள்ளே எப்போதும் மார்கழிதான். ஏசியின் சத்தம் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டே இருக்கும்; கொஞ்ச நேரம் நின்றால் கண் செருகும். சுவரில் பெரிய திரை, கறுப்பு. அதில் புள்ளி புள்ளியாக ஊர்கள், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே சாம்பல் நிறக் கோடுகள். பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நான் பாரூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். டீ டம்ளரோடு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள்தான் மேடம் என்னிடம் முதலில் பேசினார். “என்னம்மா அப்படிப் பாக்கீங்க? உங்க ஊரு எது?” என்றார். பாரூர் என்றேன், பாதி வாய்க்குள்ளேயே. கோடுகளெல்லாம் முடிகிற ஓரத்தில், தனியாக இருந்த ஒரு சின்னப் புள்ளியை விரலால் காட்டினார். “இதுதான் உங்க பாரூரு. காவேரிப்பட்டினத்தோட கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கி பாருங்க.” அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தப் புள்ளிக்குத்தான் போகும்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. ஓசூரில் வந்த புதிதில் இந்த ஊர்க் குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எங்கள் பேச்சைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார். அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவே நாளாயிற்று. புரிந்த அளவில் சொன்னால், கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது என்பது முழுவதும் டேட்டாபேஸ் என்ற ஒன்றுக்குள் இருந்தது. அதற்குப் புரிகிற மாதிரி கேள்வியை எழுதவேண்டும். எழுதும்போது அவர் உதடு அசையும். இங்கேயிருந்து அங்கே போக எத்தனை வழி, கிருஷ்ணகிரியைத் தொடாமல் போகமுடியுமா, இந்தக் கோடு இல்லாவிட்டால் யார் தனியாக நிற்பார்கள் என்றெல்லாம் கேட்பார். கடைசியில் ஒரு பட்டனைத் தட்டுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு சாம்பல் கோடுகளுக்கு நடுவே ஒரு வழி மட்டும் மஞ்சளாக எழுந்து, ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகும். வாய்க்காலில் மடை திறந்துவிட்டால் காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு தண்ணீர் முன்னே போகுமே, அந்த வேகம்.

அந்த டேட்டாபேஸில் இரண்டு விதமான சங்கதி இருப்பதாக ஒரு நாள் சொன்னார். கேபிள் புதைத்தபோது இன்னதுக்கும் இன்னதுக்கும் இணைப்பு என்று ஆட்கள் பதிந்து வைத்தது ஒன்று. என் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று ஒவ்வொரு பெட்டியும் தானே சொல்லுவது இன்னொன்று. “ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்ல குடும்பம். எல்லாரும் பதிஞ்சதத்தான் பாப்பாங்க, பெட்டிட்ட யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பக்கத்தில் யார் என்று மட்டும் ஒவ்வொருவரும் சொன்னால் போதும், யாருக்கும் முழு வழி தெரியவேண்டியதில்லை, ஆனாலும் வழி கிடைத்துவிடுகிறது. பாரூரில் இருக்கும் என் அக்காவைப் பார்க்க பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ரோட்டோரத்து மண்ணையே பார்த்துக்கொண்டு போவேன். மாந்தோப்புக்கு அடியில், பாலத்துக்கு அடியில், தக்காளி ஏற்றிய வண்டி நிற்கிற இடத்துக்கு அடியில் வெளிச்சம் எங்கள் பஸ்ஸோடு கூடவே ஓடிவருவதாகத் தோன்றும். தூங்கிப்போவேன். தூக்கத்திலும் ஓடும்.

அந்தப் பெட்டிகளை ஊர் ஊராகப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் லைன்மேன் அண்ணன். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆயுத பூஜை வந்தால் அவரைப் பிடிக்கமுடியாது. ஒவ்வொரு ஊர் அறைக்கும் சந்தனம், குங்குமம், பொரி, வாழைக்கன்றோடு போய், பெட்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வருவார். “வருசமெல்லாம் கண்ண மூடாம முழிச்சிக்கிட்டு இருக்குது தங்கச்சி, ஒரு நாளாச்சும் அதுக்கு மரியாத செய்ய வேணாமா?” என்பார். நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவர் ஒரு சுவிட்சை மாற்றி அணைத்துவிட, ஒரு பேக்டரியிலிருந்து ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். எங்கள் சார், ஆபீசுக்கே பெரியவர், அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “இன்னொரு தப்பு நடந்துச்சின்னா நீங்க வீட்டுக்குப் போயிருங்க.” அண்ணன் அன்று டீ குடிக்கவில்லை. மனைவி இல்லாதவர், பிள்ளைகள் பெங்களூரில். அந்தப் பெட்டிகளை விட்டால் அவருக்குப் போக இடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் பூஜை முடிந்து, லீவு கழிந்து வேலைக்கு வந்த அன்று நடந்ததுதான் இது. வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை. கதவுகளில் வாழைக்கன்று தலை தொங்கியிருந்தது. மதியம் சார் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். காவேரிப்பட்டினத்துக்கு முன்னால் நெடுஞ்சாலைப் பாலத்தை அகலப்படுத்துகிறார்கள், அங்கே எங்கள் கேபிளை மறுநாள் காலையில் வெட்டி வேறு இடத்துக்கு மாற்றவேண்டும், நாள் முழுக்க அந்தக் கேபிள் இருக்காது. அதற்கு மேடம் சம்மதம் சொல்லவேண்டும்.

“ஓகே போட்டுடுங்க மேடம். காவேரிப்பட்டினத்துக்குத்தான் ரெண்டு வழி இருக்கில்ல. இது போனா ராயக்கோட்டை, கெலமங்கலம் சுத்தி வந்துடும்.”

“ஒரு தடவ கேட்டுட்டுப் போடுறேன் சார்.”

“யாரக் கேக்கணும்? நான்தான் சொல்றேனே.”

“பெட்டிய.”

சார் சிரித்தார். “கல்யாணத்துக்குப் பொண்ணு விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க.”

“ஆமா சார். அக்கம்பக்கத்துல விசாரிச்சாத்தான் உண்ம தெரியும்.”

அவர் போனதும் மேடம் கேள்வியை எழுதித் தட்டினார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதிந்து வைத்ததிலிருந்து கேட்டபோது காவேரிப்பட்டினத்திலிருந்து இரண்டு மஞ்சள் கோடுகள் கிளம்பின. ஒன்று கிருஷ்ணகிரிக்கு, ஒன்று ராயக்கோட்டைக்கு. பிறகு அதே கேள்வியைப் பெட்டியிடம் கேட்டார். இப்போதும் இரண்டு கோடுகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கே போயின. ராயக்கோட்டைப் பக்கம் இருட்டு. மேடம் மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான். மப்ளரைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

வெட்டவேண்டிய கேபிளிலேயே இரண்டு வழியும் போகிறது. அதை வெட்டினால் காவேரிப்பட்டினம் போகும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாரூரும் போகும். பாரூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் நர்ஸ் இ.சி.ஜி. எடுத்து இந்த வழியில்தான் அனுப்புவார். ஓசூரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்லுவார். என் அக்காவுக்கே அப்படி ஒரு முறை பார்த்துச் சொன்னார்கள். துடைப்பதை விட்டுவிட்டு நின்றேன்.

அந்த நேரத்தில்தான் லைன்மேன் அண்ணன் எங்களுக்கென்று பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, காவேரிப்பட்டினம் பெட்டிய யாரு தொட்டது?” என்றார் மேடம்.

“நான்தான் மேடம். பளபளன்னு தொடச்சி, ஒவ்வொரு தலைக்கும் பொட்டு வெச்சி.”

“வயரக் கழத்துனீங்களா?”

“கழட்டாம எப்பிடி மேடம் பொட்டு வெக்கிறது?” என்றார் அவர், வெள்ளையாக.

“திரும்ப மாட்டுனது?”

“எங்கெங்க இருந்திச்சோ அங்கங்கயேதான்,” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்தார். பொரிப் பொட்டலம் அவர் கையில் மெதுவாக நசுங்கியது. ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கிறார். அந்த ஓட்டைக்கும் கிருஷ்ணகிரியில் பழைய இணைப்பு ஒன்று உயிரோடு இருந்ததால் எந்த விளக்கும் சிவக்கவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் மறுநாள் காலை வரைக்கும் நன்றாகவே ஓடியிருக்கும்.

மறுநாள் வெட்டு கூடாது என்பதில் பேச்சில்லை. ஆனால் வெட்டைத் தள்ளிப்போட்டால் பெங்களூர் பெரிய ஆபீசுக்குக் காரணம் எழுதவேண்டும். காரணத்தில் பேர் இருக்கும். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். “எழுதுங்க மேடம். எம் பேரையே எழுதுங்க. ஆஸ்பத்திரி பெருசு,” என்றார். அவர் குரல் உடையவில்லை. அதனால்தான் எனக்கு என்னவோ செய்தது.

மேடம் திரும்பி உட்கார்ந்து இன்னொரு கேள்வி எழுத ஆரம்பித்தார். அவ்வளவு நீளமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். “சவம், வர மாட்டேங்கு,” என்று முணுமுணுத்தார். ஏசி சத்தத்தில் நாங்கள் மூன்று பேரும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. அதற்குள் சாரும், ஓகே இன்னும் வரவில்லையே என்று கேட்க வந்துவிட்டார். மேடம் எழுந்து, காவேரிப்பட்டினத்துக்கு இப்போது ஒரு வழிதான் இருக்கிறது, பூஜைக்குத் துடைத்தபோது மாறிவிட்டது என்று சொன்னார். சாரின் முகம் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மேடம், “ஒரு நிமிசம் சார். பதிஞ்சது ஒண்ணு, பெட்டி சொல்லுறது ஒண்ணுன்னு எங்கெங்க இருக்குன்னு மொத்தமா கேட்டிருக்கேன். வரட்டும்,” என்று பட்டனைத் தட்டினார்.

திரை கொஞ்ச நேரம் வெறும் சாம்பலாகவே இருந்தது. பிறகு காவேரிப்பட்டினத்தில் ஒரு கோடு சிவந்தது. கெலமங்கலத்தில் ஒன்று. அதன் பிறகு, அண்ணன் காலே வைக்காத ஊர்களில், வேறு வேறு ஆட்கள் பார்த்துக்கொள்ளும் அறைகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்துகொண்டே வந்தது. பூஜை போட்ட இடமெல்லாம் குங்குமம் வைத்தது போலவே இருந்தது. கடைசியாகத் திரையின் மேல் ஓரத்தில் ஓசூர் சிவந்தது. எங்கள் கட்டடம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சாவி சாரிடம் மட்டுமே இருக்கிற அறை.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “இங்க யாரு கை வெச்சது? சாவி என்கிட்டதானே இருக்குது? யாரு வெச்சது கை?”

அண்ணன் தரையைப் பார்த்தார். மேடம் அன்று பூஜையில் இல்லை, ஊருக்குப் போயிருந்தார். பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் நின்றவள் நான். சார் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு வயராக எடுத்து ஊதி, பொட்டு வைத்து, பக்தியோடு மாட்டியதை நான்தான் பார்த்தேன். கிண்ணத்தில் சந்தனம் தீரத் தீரக் கரைத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த ஆபீசில் இத்தனை காலத்தில் சாரிடம் நான் சொன்னது ‘டீ சார்’ என்ற இரண்டு சொல்தான். துடைக்கிற துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு, “நீங்கதாங்க சார்,” என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. சார் என்னைப் பார்த்தார். அந்த அறைக்குள் நான் ஒருத்தி இருப்பதை அப்போதுதான் கண்டுகொண்டது போலப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார், அதில் இன்னும் சந்தனம் இருக்கிறதா என்பது போல. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “கழட்டாம எப்படிப் பொட்டு வெக்கிறது?” என்றார், யாரிடமும் இல்லாமல். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். லைன்மேன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இது அப்போதும் நியாயமான கேள்விதான். “ரோட்டுக்காரங்களுக்கு நானே போன் பண்றேன். நீங்க கெளம்புங்க, மொதல்ல காவேரிப்பட்டினத்தச் சரி பண்ணுங்க,” என்று சார் அவரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குப் போ என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

சாயங்காலம் அண்ணன் அங்கிருந்து போன் செய்தார். மேடம் சொல்லச் சொல்ல ஒரு வயரை எடுத்தார். சந்தனம் நுனிக்குள் இறங்க ஆரம்பித்திருந்ததால் அதை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டச் சொன்னார் மேடம். நான் வீட்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றேன். திரையில் ஒன்றாகப் படுத்திருந்த இரண்டு மஞ்சள் கோடுகளில் ஒன்று மட்டும் அசைந்து, தூக்கத்திலிருந்து எழுந்தது போல விலகி, ராயக்கோட்டைப் பக்கம் நடந்தது. கெலமங்கலத்தைத் தொட்டது. ஓசூருக்கு வந்து சேர்ந்தது. ஓரத்தில் பாரூர் இருந்தது. கண் நிறைய அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அண்ணனைக் காப்பாற்றத்தான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டீர்களா என்று பின்னால் ஒரு நாள் தைரியம் வந்து மேடத்திடம் கேட்டேன். “ஒரு இடத்துல மாறியிருந்தா எல்லா இடத்துலயும் கேக்கணும்மா. அது வேல,” என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். பெங்களூருக்கு எழுதிய காரணத்தில் யார் பேரும் இல்லை, ஆயுத பூஜைச் சுத்தம் என்று மட்டும் எழுதினாராம். அங்கிருந்து திட்டு வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். பெங்களூரில் ஆயுத பூஜை எங்களைவிடத் தடபுடல். அந்தக் கேள்வியை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள் என்று மட்டும்தான் பதில் வந்தது.

அடுத்த வருடத்திலிருந்து அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. பூஜைக்கு முன்னால் மேடம் எல்லாப் பெட்டிகளையும் ஒரு தடவை கேட்பார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் எல்லோரும் கண்ட்ரோல் ரூமில் போய் நிற்போம். மேடம் மறுபடி கேட்பார். ஒரு கோடும் சிவக்காமல் இருந்தால் அப்போதுதான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. சார் அந்த நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். சொல்லித் தரவில்லை யாரும்.

மேடம் கல்யாணமாகி வெளிநாடு போனார். போகும்போது தன் மேஜை டிராயரைத் திறந்து, அண்ணன் அன்று காவேரிப்பட்டினத்திலிருந்து எறியாமல் கொண்டுவந்த அந்த மஞ்சள் வயரை எடுத்து என் கையில் கொடுத்தார். “தூரப் போட மனசு வரலம்மா. நீங்க வச்சிக்கோங்க,” என்றார். எனக்கும் பிறகு முழங்கால் வலி வந்து வேலையை விட்டுவிட்டேன். இப்போது அந்த ஆபீசில் யாரும் கேள்வி எழுதுவதில்லையாம். பெட்டிகள் மாறினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது; பொட்டைக் கதவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்லதுதான். பாரூர் ஆஸ்பத்திரிக்கு நல்லது. ஆனாலும் பட்டனைத் தட்டிவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம், சாரும் அண்ணனும் மேடமும் நானும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது, அது இப்போது எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்பது.

லைன்மேன் அண்ணன் வேலையிலிருந்து நல்லபடியாக ஓய்வு பெற்று கெலமங்கலத்தில் இருக்கிறார். ஆயுத பூஜை கழிந்ததும் பஸ் ஏறி எனக்குப் பொரி கொண்டுவருவார். இந்த வருடமும் வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் ஜன்னலில் இருந்த வயரை அவிழ்த்து, ஒரு முனையை வெளியே வெயிலுக்குக் காட்டி, மறு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். எனக்கும் காட்டினார். ஒரு தலையில் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம், பாரூர்ப் புள்ளி மாதிரி. பக்கத்துத் தலை இருட்டாக இருந்தது.

“ஒண்ணு தெரியுது தங்கச்சி. ஒண்ணுல சந்தனம் அடச்சிக்கிச்சி,” என்றார். வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, “தொடச்சிறட்டுமா?” என்றார்.

“இருக்கட்டும்ணா,” என்றேன். வாங்கி, திரையை மறுபடி கட்டினேன்.